வாசகர் கேள்வி – பதில்: சட்டத்தரணி இராஜதந்திரியாகும் வழி

பிரசா உரிமைச் சட்டங்களைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதியதன் பின்னர் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியே கேட்டிருந்தன. சட்டம் படித்த ஒரு பெண் நீதிமன்றத்துக்கு அப்பால் எங்கே போகலாம், நாடுகளுக்கிடையிலான பேச்சுவார்த்தை மேசையில் அவளுக்கு என்ன வேலை என்ற கேள்வி பல கடிதங்களில் வெவ்வேறு சொற்களில் வந்திருந்தது. இம்முறை அவற்றுக்கே இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகள் கலைப் பிரிவில் உயர்தரம் எழுதியிருக்கிறாள். சட்டம் படித்துவிட்டு வெளிநாட்டுத் தூதரகத்தில் வேலை செய்ய வேண்டும் என்கிறாள். கொழுந்து பறித்துத்தான் அவளைப் படிக்க வைத்தேன். சட்டம் படித்தவர்கள் கோர்ட்டுக்குத்தானே போவார்கள், தூதரகத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு? நம் தமிழ்ப் பெண்கள் யாராவது அப்படிப் போயிருக்கிறார்களா?
*— ஒரு தாய், ஹட்டன்*

பதில்: போயிருக்கிறார்கள், அம்மா. உங்கள் மகளிடம் ராதிகா குமாரசுவாமியின் பெயரைச் சொல்லுங்கள். 1953இல் கொழும்பில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சட்டத்தரணி. ஐக்கிய நாடுகள் சபையில் துணைச் செயலாளர் நாயகம் என்ற தரம் வரை உயர்ந்தவர். அவருக்கும் உங்கள் மகளுக்கும் தொடக்கம் ஒன்றல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவருடைய தந்தை அரச சேவையில் உயர் பதவி வகித்துப் பின்னர் ஐ.நா.வில் பணியாற்றியவர், மகள் நியூயோர்க்கில் பள்ளிக்கூடம் போனார், யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார், கொலம்பியாவிலும் ஹார்வர்டிலும் சட்டம் படித்தார். லயத்து அறையில் ஒரே மின்குமிழின் கீழ் தம்பி தங்கைகளோடு இருந்து படித்த பிள்ளைக்கு இந்த வாழ்க்கை வரலாற்றை நீட்டி, நீயும் இப்படி வா என்று சொல்வது நியாயமாகாது. நான் அவரைப் பற்றிச் சொல்ல வருவது அவர் ஏறிய உயரத்துக்காக அன்று. சட்டப் படிப்பை அவர் அங்கே என்ன செய்தார் என்பதற்காக.

1994இல் ஐ.நா. மனித உரிமைகள் ஆணைக்குழு, பெண்களுக்கு எதிரான வன்முறை தொடர்பாக ஒரு விசேட அறிக்கையாளர் பதவியை உருவாக்கியது. அப்பதவிக்கு முதலில் நியமிக்கப்பட்டவர் அவரே. 2003 வரை அதில் இருந்தார். விசேட அறிக்கையாளருக்கு ஐ.நா. சம்பளம் கொடுப்பதில்லை. நாடு நாடாகப் போய், பாதிக்கப்பட்டவர்களையும் அரசாங்கத்தையும் சந்தித்து, கண்டதை எழுதிச் சபையின் முன் வைக்க வேண்டும். 1995இல் அவர் கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் போனார். இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் ஜப்பானிய இராணுவத்தின் முகாம்களில் அடைத்து வைக்கப்பட்ட பெண்கள், அப்போது மூதாட்டிகளாக, பேசத் தொடங்கியிருந்த காலம் அது. அவர்களை உலகம் ‘ஆறுதல் பெண்கள்’ என்று அழைத்துவந்தது. 1996இல் வெளிவந்த தமது அறிக்கையில் அந்தச் சொல் நடந்ததை மறைக்கிறது என்றும், ‘இராணுவப் பாலியல் அடிமைத்தனம்’ என்பதே சரியான சொல் என்றும் அவர் எழுதினார்.

பெயர் மாற்றத்தால் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். அம்மா, நீதிமன்றத்தில் இருபது வருடம் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன், அங்கேதான் எல்லாமே இருக்கிறது. ஆறுதல் என்றால் அது ஒரு துயரக் கதை. கேட்பவர் அனுதாபப்படலாம், நன்கொடை கொடுக்கலாம், போய்விடலாம். அடிமைத்தனம் என்றால் அது சர்வதேசச் சட்டம் தடைசெய்த குற்றம். குற்றம் என்றால் பொறுப்பேற்க ஒருவர் வேண்டும், பொறுப்பென்றால் நட்டஈடு வேண்டும். அவருடைய அறிக்கை ஜப்பானிய அரசிடம் கேட்டதும் சட்டப் பொறுப்பை ஏற்குமாறும் அந்தப் பெண்களுக்கு நட்டஈடு வழங்குமாறும்தான். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2014இல், அறிக்கையில் எடுத்தாளப்பட்ட ஒரு முன்னாள் படைவீரரின் வாக்குமூலம் பொய்யென்று தெரியவந்ததால் அப்பகுதியைத் திருத்துமாறு ஜப்பான் கேட்டபோது, அது பல சான்றுகளுள் ஒன்று மட்டுமே என்று சொல்லி அவர் மறுத்துவிட்டார். ஒரு சாட்சி விழுந்தால் வழக்கு விழாதபடி கட்டுவது எப்படி என்பது சட்டத்தரணிக்குத் தெரியும். வல்லமை மிக்க ஓர் அரசாங்கத்தின் பிரதிநிதிக்கு முன்னால் குரலை உயர்த்தாமல் மறுப்பது எப்படி என்பது இராஜதந்திரிக்குத் தெரியும்.

2003 முதல் 2006 வரை இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் தலைவராக இருந்தார். 2006இல் ஆயுத மோதல்களில் சிக்கிய சிறுவர்களுக்கான செயலாளர் நாயகத்தின் விசேட பிரதிநிதியானார். 2012 வரை அப்பதவி. சிறுவர்களைப் படையில் சேர்க்கும் அரசுகளையும் ஆயுதக் குழுக்களையும் பெயர் சொல்லிப் பட்டியலிட்டுப் பாதுகாப்புச் சபைக்கு வருடந்தோறும் கொடுப்பது அந்த அலுவலகத்தின் வேலை. அந்தப் பட்டியலில் அவருடைய சொந்த நாட்டின் ஆயுதக் குழுக்களும் இருந்தன. பட்டியலிலிருந்து நீங்க விரும்புகிறவர் சிறுவர்களை விடுவிப்பதற்கான திட்டமொன்றில் கையெழுத்திட வேண்டும். அதற்காக எதிரெதிர்த் தரப்புகளோடு பேச வேண்டும்.

இந்தக் காலத்தில் அவர் செய்த ஒரு காரியத்தை நான் பல முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். கொங்கோவைச் சேர்ந்த தோமஸ் லுபாங்கா என்ற ஆயுதக் குழுத் தலைவர், பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவர்களைப் போரில் ஈடுபடுத்தினார் என்ற குற்றச்சாட்டில், ஹேக் நகரிலுள்ள சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டுக்கொண்டிருந்தார். ராதிகா குமாரசுவாமி 2008இல் அந்த நீதிமன்றத்துக்கு எழுத்துமூலச் சமர்ப்பணம் ஒன்றைச் செய்தார். 2010 ஜனவரியில் நிபுணத்துவச் சாட்சியாக நேரில் தோன்றினார். அவர் எழுப்பிய கேள்வி ஒரு சொல்லைப் பற்றியது. போரில் ‘ஈடுபடுத்தல்’ என்றால் துப்பாக்கி தூக்கிய சிறுவன் மட்டும்தானா? முகாமில் சமைத்தவள், சுமை சுமந்தவள், தளபதியின் மனைவியென்று பிடித்து வைக்கப்பட்டவள், இவர்கள் எல்லாம் அந்தச் சொல்லுக்கு வெளியே நிற்பவர்களா? துப்பாக்கி தூக்கியவனை மட்டும் கணக்கிட்டால் சிறுமிகள் கணக்கிலிருந்தே மறைந்துவிடுவார்கள் என்பது அவருடைய வாதம். குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை தனிக் குற்றமாகச் சேர்க்கப்பட்டிருக்கவில்லை. அதனால் அந்தக் கேள்விக்கு மேலும் கனம் இருந்தது. 2012 மார்ச் மாதம் லுபாங்கா குற்றவாளியெனத் தீர்ப்பாயிற்று. அந்த நீதிமன்றம் வழங்கிய முதல் தீர்ப்பு அது.

கோர்ட்டுக்கும் தூதரகத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டீர்கள். ஒரு சொல்லுக்குள் யார் இருக்கிறார்கள், யார் வெளியே விடப்பட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் அந்தத் தொடர்பு. மலையகத்தில் பிறந்த நமக்கு இதை வேறு யாரும் விளக்கத் தேவையில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசா உரிமைச் சட்டத்தில் நம்முடைய பெயர் எங்கும் இல்லை. தகப்பனும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்பதற்கு அத்தாட்சி கேட்டது, அவ்வளவுதான். தோட்டத்தில் பிறந்தவருக்கு அத்தாட்சி இல்லை, அதனால் பிரசா உரிமையும் இல்லை. கோடாக்கன்பிள்ளை வழக்கு அந்தச் சட்டத்தை எதிர்த்து அப்போது இலங்கையின் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் கோமறைக் கழகம் வரை போயிற்று. ஒரு சமூகத்துக்கு எதிரான பாரபட்சத்தை அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு தடுத்திருந்தும், இந்தச் சட்டத்தில் அத்தகைய பாரபட்சம் இல்லையென 1953இல் தீர்ப்பு வந்தது. நீதிமன்றத்தில் தோற்றதை இராஜதந்திரம் பின்னர் கையில் எடுத்தது. 1964 அக்டோபர் 30ஆம் திகதி புதுடில்லியில் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் பரிமாறிக்கொண்ட கடிதங்களின்படி, பிரசா உரிமையற்ற நம் மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வார்கள். அவர்களையும் 1974இல் ஆளுக்குப் பாதி, 75,000 வீதம், பிரித்துக்கொண்டார்கள். அந்த எண்ணிக்கையோடு ‘இயற்கையான பெருக்கமும்’ சேரும் என்று ஒரு சொற்றொடர் 1964ஆம் ஆண்டுக் கடிதங்களில் உண்டு. அதன் பொருள் இனிப் பிறக்கப் போகும் குழந்தைகள். பேசப்பட்டவர்களில் ஒருவர்கூட அந்த மேசையில் ஒரு தரப்பாக உட்கார்ந்திருக்கவில்லை.

என் பாட்டி தகரப் பெட்டிக்குள் பழைய பற்றுத்துண்டுகளையும் பிறப்புப் பதிவுகளையும் துணியில் சுற்றி வைத்திருந்தார். அவருடைய தம்பி ‘இந்தியா’ என்று எழுதப்பட்டு ராமானுஜம் கப்பலில் ஏறினார். பாட்டி ‘இலங்கை’ என்று எழுதப்பட்டு இங்கேயே நின்றார். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். உங்கள் மகள் ஆசைப்படுகிற வேலை நம்மிடமிருந்து தூரத்தில் உள்ளது என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம்.

கேள்வி: சில நாடுகளில் தூதுவர் என்கிறார்கள், சில நாடுகளில் உயர் ஸ்தானிகர் என்கிறார்கள். பதவியில் யார் பெரியவர்?
*— வாசகர், கண்டி*

பதில்: இருவரும் ஒரே தரத்தினர். பொதுநலவாய நாடுகள் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் தூதுவருக்கு உயர் ஸ்தானிகர் என்று பெயர். இந்தியாவும் இலங்கையும் பொதுநலவாயத்தில் இருப்பதால்தான் உங்கள் நகரத்தில் இருப்பது இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயம் எனப்படுகிறது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்தியக் கடவுச்சீட்டுக்காகக் கண்டியில் வரிசையில் நின்ற நாட்களைப் பற்றி அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: நான் சட்டத்தில் இறுதியாண்டு மாணவி. ஐ.நா. வழி எல்லோருக்கும் கிடைக்காது. இலங்கையிலிருந்தபடியே இராஜதந்திர சேவைக்குப் போகும் நேர்வழி என்ன? முதலில் சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டுமா?
*— மாணவி, நாவலப்பிட்டி*

பதில்: நேர்வழி இலங்கை வெளிநாட்டுச் சேவைக்கான திறந்த போட்டிப் பரீட்சை. பட்டதாரியாக இருக்க வேண்டும், வயதெல்லை உண்டு, தமிழ் மொழிமூலமும் தோற்றலாம். வருடந்தோறும் தவறாமல் நடக்கும் என்று நம்பிக் காத்திருக்கக் கூடாது. வெற்றிடங்களும் மிகக் குறைவு. ஆகவே வர்த்தமானியைப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வயதெல்லை, பாடங்கள் ஆகியவற்றை அவ்வப்போதைய வர்த்தமானியில் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும், சென்ற முறை எழுதியவரின் ஞாபகத்தை நம்ப வேண்டாம். சட்டத்தரணியாக இருப்பது கட்டாயமில்லை. என்றாலும், சத்தியப்பிரமாணம் செய்துவிட்டே போங்கள் என்பது என் ஆலோசனை. சட்டக் கல்லூரியின் இறுதிப் பரீட்சையையும் ஆறு மாதப் பயிலுநர் காலத்தையும் முடித்து உயர் நீதிமன்றத்தின் முன் சத்தியப்பிரமாணம் செய்துவிட்டால், போட்டிப் பரீட்சை எப்போது நடந்தாலும் நடக்காவிட்டாலும் உங்கள் காலில் நீங்கள் நிற்பீர்கள்.

இந்த வழியில் முதலில் நடந்த பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனெல் அபேசேகர 1958இல் வெளிநாட்டுச் சேவையில் சேர்ந்தார். அச்சேவையில் தொழில்முறையாகச் சேர்ந்த முதல் இலங்கைப் பெண் அவர். படித்தது சட்டமன்று, வரலாறு. 1982இல் இத்தாலிய விமானம் ஒன்றை ஓர் இலங்கையர் கடத்திப் பாங்கொக்கில் நிறுத்தி வைத்தபோது, அங்கே தூதுவராக இருந்த அவரே கடத்தியவரோடு பேசினார். பயணிகள் உயிர்ச்சேதமின்றி வெளியே வந்தார்கள். வரவேற்பு விருந்துகளைத்தான் தூதுவர் வேலை என்று நினைத்திருப்பவர்களிடம் நான் இதைச் சொல்வதுண்டு.

ஆங்கிலத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தமிழ் மொழிமூலம் படித்த எல்லோருடைய மனதிலும் அது இருக்கிறது. பரீட்சையைத் தமிழில் எழுதலாம். ஒப்பந்த வரைவுகள் ஆங்கிலத்தில்தான் மேசைக்கு வரும். சட்டக் கல்லூரி அனுமதிக்கே சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்குத் திறமைச் சித்தி கேட்கிறார்கள். தினமும் ஒரு பக்கம் தீர்ப்பு வாசித்து அதைத் தமிழில் எழுதிப் பாருங்கள். நான் ஆங்கிலம் கற்றது அப்படித்தான், தாமதமாகவும் சிரமத்தோடும்.

கேள்வி: தூதரக வேலை என்றால் மூன்று வருடத்துக்கு ஒரு நாடு, கல்யாணம் கட்டிய பெண்ணுக்கு அது சரிவராது என்று என் அண்ணன் தடுக்கிறார். சட்டத்திலேயே அப்படி ஏதும் இருக்கிறதா?
*— வாசகி, பண்டாரவளை*

பதில்: இப்போது இல்லை. ஒரு காலத்தில் அயல்நாட்டில் எழுத்திலேயே இருந்தது. இந்திய வெளிநாட்டுச் சேவையில் இருக்கும் பெண் திருமணம் செய்ய வேண்டுமானால் அரசாங்கத்தின் எழுத்துமூல அனுமதி பெற வேண்டும். குடும்பப் பொறுப்பு வேலையைப் பாதிக்கும் என்று அரசாங்கம் கருதினால் பதவி விலகச் சொல்லலாம். ஆண்களுக்கு அந்த விதி இல்லை. குடகு நாட்டில் பிறந்து சென்னையில் படித்து, 1949இல் அச்சேவையில் சேர்ந்த முதல் பெண்ணான சி. பி. முத்தம்மா, பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு முடியும் முன்பே அரசாங்கம் பதவி உயர்வைக் கொடுத்துவிட்டதால் மனு தள்ளுபடியாயிற்று. ஆனாலும் 1979இல் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு அந்த விதிகளின் பாரபட்சத்தைக் கடுமையாகக் கண்டித்து, அரசாங்கம் அவற்றை மீளாய்வு செய்ய வேண்டும் என்றது. முத்தம்மா சட்டத்தரணி அல்லர். ஆனால் இராஜதந்திரியொருவர் தம் சொந்தச் சேவையையே சட்டத்தின் முன் நிறுத்தியது அங்கே பெரிய அதிர்வை உண்டாக்கியது.

நம் நாட்டிலும் பெண்கள் சட்டத்தொழில் செய்வதற்கிருந்த தடையை நீக்க 1933இல் ஒரு கட்டளைச்சட்டம் தேவைப்பட்டது. உங்கள் அண்ணன் சொல்வது அக்கறையினால் இருக்கலாம். அவரிடம் ஒன்று கேளுங்கள்: தோட்டத்திலிருந்து கல்யாணம் கட்டிய பெண்கள், பாலூட்டும் பிள்ளையைக்கூட விட்டுவிட்டு, இரண்டு வருட ஒப்பந்தத்தில் குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போகிறபோது அது சரிவருகிறதா?

கேள்வி: என் தங்கை வளைகுடாவில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். ஏதாவது நடந்தால் தூதரகம் என்ன செய்யும்? உண்மையாகவே அவர்களால் பயன் இருக்கிறதா?
*— வாசகர், மஸ்கெலியா*

பதில்: தம்பி, இந்தக் கடிதத்தை நான் பல நாட்கள் மேசையில் வைத்திருந்தேன். 1963ஆம் ஆண்டின் கொன்சியூலர் உறவுகள் பற்றிய வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் உறுப்புரை, வெளிநாட்டவர் ஒருவர் கைதுசெய்யப்பட்டால், அவர் கேட்டுக்கொண்டால், அவருடைய நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதமின்றி அறிவிக்க வேண்டும் என்கிறது. அந்த உரிமை தமக்கு உண்டென்பதை அவருக்குச் சொல்லவும் வேண்டும். தூதரக அதிகாரி அவரைச் சிறையில் பார்க்கலாம், சட்டத்தரணி ஏற்பாடு செய்யலாம்.

ரிசானா நபீக்கை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மூதூரைச் சேர்ந்த ஏழைப் பிள்ளை. வயதைக் கூட்டி எழுதிய கடவுச்சீட்டில் 2005இல் சவூதிக்குப் போனார். பராமரிப்பிலிருந்த குழந்தை இறந்ததற்காகக் கைதானபோது உண்மையான வயது பதினேழு. வாக்குமூலம் எடுக்கப்பட்டபோது சட்டத்தரணி இல்லை. மொழிபெயர்த்தவரின் தகுதியும் பின்னர் கேள்விக்குள்ளாயிற்று. 2007இல் மரண தண்டனை. 2013 ஜனவரி 9ஆம் திகதி அது நிறைவேற்றப்பட்டது. இடையில் அரசாங்கம் மன்றாடியது, உலகமே மன்றாடியது. நான் ஒரு சட்டத்தரணியாக அந்த வழக்கைப் பார்க்கும்போது, எல்லாம் முடிவானது முதல் சில நாட்களில் என்றே தோன்றுகிறது. அந்த நாட்களில் அவருடைய மொழி தெரிந்த, சட்டம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். தமிழ் பேசும் பெண்கள் இத்தனை பேர் போகிற நாடுகளின் தூதரகங்களில் தமிழ் பேசும் சட்டம் படித்த பெண் அதிகாரிகள் வேண்டும் என்று நான் கேட்பது சலுகையாக அன்று.

உங்கள் தங்கையின் கடவுச்சீட்டு, தொழில் ஒப்பந்தம், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பதிவு ஆகியவற்றின் பிரதிகள் வீட்டில் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். அங்குள்ள நம் தூதரகத்தின் தொலைபேசி இலக்கத்தை அவரை மனப்பாடமாக்கச் சொல்லுங்கள். கைத்தொலைபேசியை வீட்டுக்காரர் வாங்கி வைத்துக்கொண்டாலும் மனதிலுள்ள இலக்கத்தை வாங்க முடியாது.

கேள்வி: நான் அடுத்த வருடம் உயர்தரம் எழுதுகிறேன். சட்டத்தரணியாகிப் பிறகு இராஜதந்திரியாக ஆசை. இப்போதே என்ன செய்யலாம்? என் அடையாள அட்டையில் ஒரு பெயரும் பிறப்புச் சான்றிதழில் வேறு எழுத்தும் இருக்கின்றன, அது பிரச்சினையா?
*— மாணவி, பொகவந்தலாவை*

பதில்: மகள், பிரச்சினைதான், அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். தோட்டத்தில் பெயரைச் சொன்னவர் ஒரு மாதிரிச் சொல்லி, எழுதியவர் வேறு மாதிரி எழுதிய சான்றிதழ்கள் நம் ஊரில் வீட்டுக்கு ஒன்று இருக்கின்றன. பரீட்சை விண்ணப்பம், சட்டக் கல்லூரி அனுமதி, கடவுச்சீட்டு என்று ஒவ்வொரு படியிலும் அது உன்னை நிறுத்தும். பெற்றோரின் திருமணச் சான்றிதழ், உன் பாடசாலை அனுமதிப் பதிவு ஆகியவற்றோடு பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளர் பிரிவுக்குப் பெற்றோருடன் போ. முதல் நாளில் முடியாது, மூன்று நான்கு முறை நடக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் கொடுத்த ஆவணத்தின் பிரதியையும் திகதியையும் ஒரு கொப்பியில் குறித்து வை. நடக்காவிட்டால் அந்தக் கொப்பியோடு இப்பத்திரிகைக்கு எழுது, என் கைக்கு வந்து சேரும்.